துவக்கு

கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர்.
நிர்மலகாந்தி ரீச்சர் கையில் கடிதம்,
கான்ஸ்டபிள் விஜேகோன் கையில்
மாரி பிஸ்கட் டின்.
டின்னுக்குள் துணி, துணிக்குள் அது.

'ஓட்டப் போட்டியைத் துவக்கும் துவக்கு ஒன்றைத்
திருத்திக்கொள்ள அனுமதி'
என்றிருந்தது கடிதத்தில். மூன்று முத்திரை.
நிபந்தனை: பொருள்
பொலிஸ்காரரின் கண்ணை விட்டு நீங்கக் கூடாது.
ஆகவே விஜேகோன்
டீசல் பம்ப் பெட்டிமேல் குந்தினார்,
கண்ணை எடுக்காமல் பிளேன்டீ குடித்தார்.

உட்துறைமுக வீதியில் என் பட்டறை.
நான் திறப்பது படகு எஞ்சின்கள்.
இதைத் திறந்தால் உப்புப் பூத்திருந்தது.
சுழலியின் ஏழு அறைகளில் ஒன்றில்
சிலந்தி முட்டையிட்டுப் போயிருந்தது.
குழல் பிறவியிலேயே அடைப்பு.
குண்டு போக வழியில்லை,
சத்தம் மட்டும் மேல் துளையால் போகும்.

எண்பத்தைந்தில் ஒப்படைத்ததாம்.
பற்றுச்சீட்டைச் சரஸ்வதி படத்தின் பின்னால்
செருகிவைத்தாராம் அன்றைய அதிபர்.
படம் இரண்டுதரம் இடம்பெயர்ந்தது.
சீட்டும் கூடப் போய்க் கூடவே வந்தது.

விசையை இழுத்தால்
சுழலி முக்கால் வழியில் நிற்கும்.
தள்ளுகிற நகம் தேய்ந்துபோயிருந்தது.
பித்தளை ஒட்டு வைத்து அரத்தால் சீவினேன்,
பார்த்தேன், சீவினேன்,
ஒருதரம் கூடச் சீவிவிட்டு
என்னையே ஏசிக்கொண்டு மறுபடி ஒட்டு வைத்தேன்.
சுருள்வில்லுக்கு, நாவற்சோலை ஆள் ஒருவன்
காசு தராமல் விட்டுப்போன கார்புரேட்டர்.

அடிக்கும் ஊசிதான் வில்லங்கம்.
இந்தச் சாதித் தோட்டாவுக்கு
நடுவில் அடித்துப் பயனில்லை.
நடு வெறும் தகடு.
மருந்து இருப்பது விளிம்பின் மடிப்புக்குள்.
ஊசி நீண்டால் அறையின் வாயைக் கொத்திப் பள்ளமாக்கும்,
குறைந்தால் தோட்டாவைத் தடவிவிட்டுச் சும்மா இருக்கும்.
இடைப்பட்டதை அளக்க எனக்கு வாய்த்தது
சிகரெட் பெட்டி ஈயத்தாள்:
ஒற்றையாய் நுழையவேண்டும், மடித்தால் இறுகவேண்டும்.

சல்லிப் படகொன்றின் இன்ஜெக்டர் ஊசியை
வெட்டி, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தேன்.
ஆறும்வரை ரீச்சர் சொன்னார்:

துவக்கு இல்லாத வருசங்களில்
இரண்டு பலகையைச் சேர்த்தடித்துத்தான் ஓட்டம்.
ஒரு வருசம், பத்து வயதுக்கு உட்பட்ட பெண்கள்,
நூறு மீற்றர்.
பலகை அடித்தது.
ஆறு பேரில் ஒருத்தியும் ஓடவில்லை.
குப்புறப் படுத்தார்கள்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
வீட்டில் பழக்கியபடியே.
"நான் மூண்டாம் கோட்டில."
"பிறகு?"
"பிறகென்ன, விசில் ஊதித் திரும்ப ஓடவிட்டவை.
நான் நாலாவது."

விஜேகோன் தமிழ் விளங்காதவர்போலக்
கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த ஒரு தடவைதான்
பொருளை விட்டு அவர் கண் நீங்கியது.

சோதிக்கப் பின்பக்கம் போனோம்.
குப்பைமேட்டில் நாலைந்து மான்கள்,
கோட்டைப் பக்கத்து மான்கள்,
பப்பாசித் தோல் தின்றன.
ரீச்சர் கையை உயர்த்தினார்.
டிக்.
மறுபடியும் டிக்.
வாங்கிக் கழற்றி, ஊசியின் அடியில்
தாள் மொத்தத்தில் ஒரு வாஷர் வைத்துக் கொடுத்தேன்.

வெடித்தது.

மான்களைக் காணோம்.
நான் பீப்பாவுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்,
எப்போது குந்தினேனோ.
விஜேகோன் இடுப்பைத் தொட்டபடி சுவரோடு.
ரீச்சர் மட்டும் உயர்த்திய கை உயர்த்தியபடி,
வலது பாதம் அரையடி முன்னால்.

"சத்தம் காணாது," என்றார்.
"கடைசிக் கோட்டில நிக்கிற பிள்ளைக்கும் கேக்கவேணும்."
அது தோட்டாவின் பாடு, என் பாடில்லை என்றேன்.

பில் எழுதினேன்:
ஊசி ஒன்று, வில் ஒன்று, நகம் ஒட்டியது,
கூலி ஆயிரத்து எண்ணூறு.
டின்னை மூடுமுன் விஜேகோன்
சுழலியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.
ஏழு அறையும் நின்று நின்று போயின.
"மகளும் ஓடுறது," என்றார்,
"இருநூறு மீற்றர்."

மான்கள் திரும்பிவரப்
பின்னேரமாயிற்று.