ஊசியைத் தூக்கியவன்

மெம்ஃபிஸ், ஹோட்டலின் ஏழாம் மாடி.
தெரு உள்ளே வராதபடி
சன்னல்களில் மெத்தைகளை அறைந்திருந்தோம்.
மின்விசிறி கூடாது, அதுவும் பதிந்துவிடும்.
ஜூலை மாதம்.
எனக்குப் பத்தொன்பது வயது.
மெழுகுத் தட்டிலிருந்து சுருண்டெழும் நூலைத்
தூரிகையால் ஒதுக்குவது,
ஹென்ஷா கை காட்டினால் ஊசியைத் தூக்குவது,
இவ்வளவுதான் என் உத்தியோகம்.

லூவீனியா டார்ப்லியைச் சரக்கு லிஃப்டில் அனுப்பினார்கள்,
கசங்கிய மேஜைவிரிப்புக் கூடைகளோடு.
வந்ததும் தண்ணீர் கேட்கவில்லை.
கை வைக்காத நாற்காலி கேட்டாள்,
கிதார் இடிக்குமாம்.
கிடைத்தது குளியலறை ஸ்டூல்.
அதில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

குரலுக்குக் காத்திருந்தேன்.
கட்டைவிரல் முதலில் வந்தது.
தடித்த கம்பியில் அது
பாலமேறும் சரக்கு ரயிலாக நடக்க,
மற்ற விரல்கள் பெட்டிகளின் கூரைமேல் ஓடின.
பிறகுதான் குரல்.
கர்த்தரிடம் கெஞ்சுகிற குரலில்லை.
பருத்திக் காட்டின் அந்தக் கோடியில் நிற்பவரைச்
"சாப்பிட வாரும், ஆறுகிறது"
என்று கூப்பிடுகிற குரல்.

எங்கள் இயந்திரத்துக்கு மோட்டார் கிடையாது.
மணிக்கூண்டில்போல ஓர் இரும்புக் கனம் இறங்கும்;
அது தரை தொடுமுன் பாட்டு முடியவேண்டும்.
சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
அவள் கண் மூடியிருந்தது.
"கடைசியில் நான் போய்ச் சேருவது"
ஹென்ஷா கை காட்டினார்.
தூக்கினேன்.

பதினைந்து டாலர்.
லேபிளில் அவள் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
பாட்டில் ஒரு சொல் குறைவு.

ரயில் சிப்பந்திகள் அந்தத் தட்டைத்
தலையணை உறைக்குள் வைத்து வடக்கே கொண்டுபோனார்கள்.
சலவைக்கூடப் பெண்கள் அந்த இடம் வந்ததும்
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவிட்டு
"வீடு" என்று முடித்தார்களாம்.
சிறைப் பண்ணையில் "வெளியே."
கேரி உருக்காலையில் ஒருவன், பிள்ளையைப் புதைத்த வாரம்,
ஒன்றும் சொல்லாமல்
தட்டைத் திரும்ப முதலிலிருந்து வைத்தானாம்.

பிறகு அவள் மின்சாரக் கிதாருக்கு மாறினாள்.
பைன் பிளஃப் சபையில் சொருக இடமில்லை;
பிரசங்க மேடை பல்பைக் கழற்றி
அந்தத் துளையில் இணைத்தாள்.
மூப்பர் கேட்ஸ் இருட்டில் நின்று
சாத்தானின் கம்பி என்று கத்தினார்.
"இருட்டில்தான் நன்றாகக் கேட்கும், ஐயா" என்றாள்.
மறுவாரம் பேர் நீக்கிய கடிதம் வந்தது.
அதன் பின்பக்கத்தில் அடுத்த பாட்டை எழுதினாள்.

யுத்தத்தில் அரக்குக்குப் பஞ்சம்.
பழைய தட்டு கொடுத்தால்தான் புதியது.
மூட்டை மூட்டையாக அவளை அரைத்து உருக்கி
நடன மெட்டுகளாக அழுத்தினோம்.
இன்றும் ஏதோ ஒரு மேளத்துக்குள்
அவள் பொடியாகக் கிடக்கிறாள்.

சிகாகோ, ஐம்பத்தொன்று.
இப்போது நாடா. கனம் இல்லை, சிவப்பு விளக்கில்லை,
வேண்டுமட்டும் பாடலாம்.
நான் முழு எஞ்சினியர், கழுத்துப்பட்டை உண்டு.
அதே பாட்டு.
"கடைசியில் நான் போய்ச் சேருவது"
நிறுத்தினாள்.
கம்பியைக் கையால் அமுக்கவில்லை. தானாக அடங்க விட்டாள்.

வெளியே வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.
"என் சொல்லைத் தின்ற பையன் நீதானே?"
ஆமாம் என்றேன். காது சூடேறியது.
என்ன சொல் அது?
கிதாரைப் பெட்டியில் படுக்கவைத்து
மூன்று கொக்கிகளையும் மாட்டினாள்.
நான்காவது உடைந்திருந்தது, கயிற்றால் கட்டினாள்.
"ஊருக்கு ஒன்று சொல்கிறார்கள்.
நான் போய் ஏன் திருத்த வேண்டும்?"

காசோலையில் தன் பெயரின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள்.
இம்முறை சரியாக இருந்தது.