ஏழாம் கேள்வி

கடந்த பன்னிரண்டு மாதங்களில் விழுந்தீர்களா?
ஆம், இல்லை, எத்தனை தடவை.
நான் மொழிபெயர்க்கிறேன்.
ஓல்டனில் நாலரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது.
கோயில் மண்டபத்து ஹீட்டர் டக் டக் என்கிறது.
பதினான்கு பேர் காலுறையோடு சுவரோரம்.

ஒருவரும் விழவில்லை.

பரிமளகாந்திக்குச் சறுக்கினது, அவ்வளவுதான்.
செல்லையாபிள்ளைக்குக் கால் இடறினது,
அது காலின் பிழை, அவருடையது அல்ல.
இன்னொருவர் "கொஞ்சம் இருந்திட்டன்" என்றார்.
இருந்தது மாடிப்படியில், ஜனவரியில்,
முழங்கை உடைய.

ரெகுலா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறாள்.
எல்லோருக்கும் 'இல்லை' என்றா எழுத?
நான் ஜெர்மனில் சொன்னேன்:
எங்கள் மொழியில் அரசாங்கம் விழும், விலை விழும்,
பகிடி சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்போம்,
விருந்தாளியை விழுந்து விழுந்து கவனிப்போம்.
ஆள் மட்டும் விழுவதில்லை.
யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழி,
பார், அந்த யானைகூட விழவில்லை.

நகராட்சியும் மருந்துக்கடையும் கோயில் நிர்வாகமும்
வசந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.
கோயில் மண்டபம் தரும், பால்தேநீர் தரும்.
நகராட்சி ரெகுலாவைத் தரும், நீல மெத்தைகள் தரும்.
மருந்துக்கடை பெயாட் மாதம் ஒருமுறை வந்து
எல்லோருடைய மாத்திரைப் பைகளையும் மேசையில் கவிழ்ப்பார்:
அழுத்தத்துக்கு இரண்டு, நித்திரைக்கு ஒன்று,
கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த
பெயரில்லாத மஞ்சள் ஒன்று.
அவர் முகம் போகும் போக்கை நான் மொழிபெயர்ப்பதில்லை.

குலவீரசிங்கம் ஜாக்கெட் கழற்றாமல் கதவருகே நின்றார்.
உணவகத்தில் முப்பத்தொரு வருடம்
இடக்கையில் நான்கு தட்டு.
ஒன்றும் கைதவறியதில்லை.
இந்த ஒற்றைக்கால் விளையாட்டெல்லாம் தனக்கு வேண்டாமாம்.
சரி. யாரும் அவரை அழைக்கவுமில்லை.

ஆறு மணிப் பூசைக்கு மணி அடித்தது.
படிவங்கள் கதிரைகளில் கிடக்க எல்லோரும் எழுந்து போனார்கள்.
அவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார்,
சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ரெகுலா ஓடப் போனாள். கையைப் பிடித்தேன்.
நான் பட்டியலில் விட்டுவிட்ட விழுதல் இது.

ஆனால் அவள் பார்த்தது நான் பார்க்காததை.
அவர் நேரே எழும்பவில்லை.
வலப்பக்கம் புரண்டார்.
முழங்கை ஊன்றினார், காத்திருந்தார்.
பிறகு உள்ளங்கை. பிறகு ஒரு முழங்கால்.
ஐயர் அடுத்த தீபத்துக்குப் போய்விட்டார்,
அவர் இன்னும் மூச்சு எண்ணிக்கொண்டிருந்தார்.
தூணைத் தொட்டது கடைசியில்தான்.
"இதை யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தது?"

சப்பாத்து நாடா கட்டும்போது கேட்டேன்.
நாடாவைப் பார்த்தே சொன்னார்:
"பெப்ரவரியில. குளிக்கிற அறைக்குள்ள.
நாலு மணித்தியாலம்.
போன் குசினியில சார்ஜில கிடந்தது.
நேர எழும்பப் பாத்துப் பாத்து ஏலாமப் போய்
கடைசியா ஒருக்கா பக்கவாட்டில திரும்பினன்.
மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ,
பேர்னுக்கு ஏத்திக்கொண்டு போயிடுவாள்."

சொல்லமாட்டேன், எங்கள் இருவருக்கும் ரகசியக் காப்பு உண்டு என்றேன்.
அவர் நம்பினாரா தெரியாது.
அடுத்த வியாழன் ஜாக்கெட்டைக் கொளுவியில் மாட்டினார்.

அன்று ஒற்றைக்கால் இல்லை.
பதினான்கு பேரும் நீல மெத்தைகளில் படுத்தார்கள்,
விழாமலே, ஒவ்வொரு மூட்டாக இறங்கி.
பக்கம் புரளுங்கள், என்றேன் இரண்டு மொழியில்.
பரிமளகாந்தி சேலைத் தலைப்பில் தானே படுத்திருந்து
எழும்பமுடியாமல் சிரிக்க,
பக்கத்து மெத்தைக்கும் அது தொற்றியது.

ரெகுலா ஏழாம் கேள்வியை வெட்டிவிட்டு
கையால் வேறொன்று எழுதியிருந்தாள்:
நிலத்திலிருந்து கடைசியாக எப்போது எழும்பினீர்கள்?

பேனாக்கள் கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு குலவீரசிங்கம் குனிந்து எழுதத் தொடங்கினார்.
செல்லையாபிள்ளை எட்டிப் பார்த்தார், தானும் எழுதினார்.
பரிமளகாந்தி மட்டும் கையை உயர்த்தினார்:
"பிள்ளை, மூண்டுதரம் எண்டால்
இந்தக் கட்டத்துக்குள்ள இடம் காணாதே."