தெரிந்தவரா

மாலை ஐந்தரைக்குக் காலை வணக்கம் சொல்வேன்.
அதற்குமுன் முகம் கழுவி
கேமராவில் விழும் அளவுக்கு மட்டும்
சுவரைத் துடைப்பேன்.
மீதிச் சுவரில் நைட்டி காய்கிறது,
கேஸ் புத்தகம் தொங்குகிறது, ஒரு பல்லி.

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு நாலு வீடு தள்ளி
கேரளத்துப் பக்கம் என் வாடகை மாடி.
ஹாலிஃபாக்ஸில் நாலு வருடம் இருந்தேன்.
விசா முடிந்தது, வேலை முடியவில்லை.
நீ எங்கே இருந்தால் என்ன என்றாள் டெய்ட்ரி.
அது பாராட்டா என்று
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

காய் வாங்கப் போகும்போது அந்த ஊர் வானிலை பார்ப்பேன்.
பனி என்றால் கோப்புகள் கூடும்,
இரண்டு வேளைக்கும் சேர்த்து வடித்துவிட வேண்டும்.
போன ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்தார்கள்.
என் ராத்திரிச் சாப்பாடும் ஒரு மணி நேரம் நகர்ந்தது.
வேலாண்டி வீட்டு எருமைக்கு இது தெரியாது.
ஒன்றரைக்குப் படுத்தவளை
ஐந்துக்கு எழுப்புகிறது பால்மணி.

ஜன்னலுக்குக் கீழே லாரிகள் நிற்கின்றன.
கோழி, வைக்கோல், தக்காளி, எம்-சாண்ட்,
எல்லாவற்றுக்கும் சீட்டு கேட்கிறார்கள்.
என் மடிக்கணினி வழியே
உடைந்த குழாய்களும் நனைந்த கம்பளங்களும்
கேள்வியில்லாமல் கடந்து வருகின்றன.
பகலில் குடித்த முப்பத்தொன்பது டிகிரியைச்
சுவர் ராத்திரி திருப்பித் தரும் நேரத்தில்
'குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்தது' என்பதை
நான் நம்பி, தொகை போடுகிறேன்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு கோப்பு.
தெருப்பெயரைப் படிக்கும்முன்பே
படிக்கட்டு ஞாபகம் வந்தது, ஏழாவது படி ஆடும்.
மிஸஸ் கார்மோடி. அடித்தள அறை.
நான் குடியிருந்த அறை.
கூரைப்பலகை இடிந்து விழுந்ததில் சேதமானவை:
கட்டில் ஒன்று. மேசைவிளக்கு இரண்டு.
பதினான்காவது வரியில்,
'முன்பு குடியிருந்த பெண் விட்டுச்சென்ற
இந்தியக் குக்கர். விசில் இல்லை.
நசுங்கிவிட்டது. விலை தெரியவில்லை.'

விசில் இங்கே இருக்கிறது.
சிம் ஊசி, பழைய சாவி, அந்த ஊர்ச் சில்லறையோடு
மேசை இழுப்பறையில்.
எப்படி என்னோடு வந்தது என்று தெரியாது.
மூன்று வருடமாக அந்த அம்மாள்
மூடி மட்டும் உள்ள ஒன்றைத்
தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள்.

உரிமைகோருபவர் உங்களுக்குத் தெரிந்தவரா?
ஆம். இல்லை. இரண்டு கட்டம்.
ஆம் போட்டால் கோப்பு மணிலாவில் ரோவேனாவுக்குப் போகும்.
அவளுக்குக் குக்கர் என்றால் பட்டன் தட்டினால் சோறு.
விசிலைக் காரணம் காட்டிப் பாதியாக வெட்டுவாள்.
இல்லை போட்டால்
முழு விலையும் நானே போடலாம்.
சுண்டுவிரல் எழுந்து நின்றபோது
கேரளத்துக் கரண்ட் போனது.

எதிர்ச்சாரியில் தமிழ்நாட்டு விளக்குகள்
ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தன.
மடிக்கணினியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு
இரண்டு லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டினேன்.
சாவடிக்காரர் டார்ச்சை என் காலில் அடித்து
நீங்களா என்றார், போகச்சொன்னார்.
ஹக்கீம் ராவுத்தர் பால்சட்டியை நகர்த்தி
பிளக்கைக் காட்டினார்.
'கனடாவுல கரண்ட்டு போகாதாம்மா?'
'போகும். பனி விழுந்தா.'
'அப்ப அவங்க எங்க போயி ஒக்காருவாங்க?'

திரை விழித்து
அதே கேள்வியில் வந்து நின்றது.
'சக்கரை?' என்றார்.
ஆம் என்று அழுத்தினேன்.
அப்புறம் அவரைப் பார்த்து, வேண்டாம் என்றேன்.

டீ பாதி குடிப்பதற்குள்
எதிரே என் மாடியில் வெளிச்சம் வந்துவிட்டது.
ஜன்னல் வழியே
ஃபேன் சுற்றுவது தெரிந்தது,
காலி நாற்காலிக்கு மேல்.