மறுகா

எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது.
குருமண்வெளித் துறையில்
மோட்டார் சைக்கிளும் மரக்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு
அது அக்கரையில் நிற்கும்.
நான் எந்தக் கரைக்கு வந்தாலும்
அக்கரையில்தான் நிற்கும்.

பதினொரு தரம் கடந்தாயிற்று.
விடியப் படுவானில் இருந்து எழுவானுக்கு,
பின்னேரம் எழுவானில் இருந்து படுவானுக்கு.
இரண்டு போக்கிலும் வெயில் கண்ணுக்கு நேரே.

பிரச்சினை ஒரு கால்.
பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில்
என் முதல் எழுத்துக்குப் பக்கத்தில்
தூக்கக் கலக்கத்திலோ, குப்பி விளக்கிலோ
ஒரு பதிவாளர் துணைக்கால் போட்டுவிட்டார்.
பவளராணி பாவளராணி ஆனாள்.
முப்பத்தாறு வருசம் அந்தக் கால்
யாரையும் உதைக்கவில்லை.
தையல் மெசின் வாங்கக் கடன் கேட்டபோதுதான்
வங்கிப் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து
"இது ரெண்டு பேர் அக்கா" என்றாள்.

சத்தியக்கடதாசி கொடுத்தேன்.
பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் கொடுத்தேன்.
அம்மாவின் விவாகப் பதிவு கேட்டார்கள்,
அம்மா சிரித்தாள்:
"ஓடக்குள்ள வீட்டையே விட்டுட்டு ஓடினம், கடதாசியாம்."
என் பைலைத் தெரிந்த லிகிதர்
ஒன்பதாம் தரம் போகும்போது மூதூருக்கு மாற்றலாகியிருந்தார்.
பைல் அவரோடு போகவில்லை.
இங்கேயும் இல்லை.

புதியவர் நல்ல மனிசன்.
சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழும்பித் தேடினார்.
அலுமாரிக்கு மேலேயும் பார்த்தார்.
கைத் தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"மறுகா வாங்க."

கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.
அதற்கும் வழியில்லை.
களுவாஞ்சிக்குடியில் இறங்கி
மீன்காரனோடு சண்டை பிடித்தேன்,
மணலை மீன், ஐம்பது ரூபாய்க்காக.
அவன் ஒன்றும் பேசாமல்
ஒரு மீனைக் கூடப் போட்டுத் தந்தான்.
அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது,
வெட்கத்தில்.

பாதை அக்கரையில்.
சும்மா இருக்க ஏலாமல் போட்டோக்கொப்பி ரிசீட்டின் பின்பக்கம்
மறுகா மறுகா மறுகா என்று
இடம் முடியும் மட்டும் எழுதினேன்.
பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.
கடைசியில் அதற்கும் ஒரு கால்.
பெருவிரலால் மறைத்துப் பார்த்தேன்:
மறுக.
நொந்து மறுக.
விரலை எடுத்தேன்:
மறுகா.
மறுகாத.

சாதாரண தரத்தில் தமிழுக்கு சீ எடுத்தவள் நான்,
இலக்கணம் பிழையாகவும் இருக்கலாம்.
இதைக் கவுண்டரில் கொடுத்தால் முத்திரை குத்தமாட்டார்கள்.
பெயரில் கால் அப்படியே நிற்கிறது.
ஆனாலும் ரிசீட்டை மடித்துப் பேர்சுக்குள் வைத்தேன்.

இரவு மீன் ஆக்கி, பிள்ளைகள் படுத்தபிறகு
பழைய மெசினில் ஒரு நீலக் கழுசான்.
வலது பக்கெட்டை உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன்.
பிரித்தேன்.
அரை மணித்தியாலம் போயிற்று,
கோபம் வரவில்லை.
ஏனென்றால் நூல் என் கையில் கிடந்தது.

அடுத்த கிழமை போகவில்லை.
அதற்கடுத்த கிழமையும் போகவில்லை.
எட்டுச் சட்டை தைத்துக் காசு வாங்கினேன்.
அந்தக் கந்தோரை நினைக்காமல்
ஒரு முழுநாள் இருந்தேன், பிறகு இன்னொரு நாள்.

இன்றைக்குப் புதன்.
பாவளராணி, எழும்பு.
உன் காலை எடுக்கத்தானே இவ்வளவு நடை,
முன்னால் நீ நட.

பாதை அக்கரையில் நிற்கிறது.
நிற்கட்டும்.
குடை இருக்கிறது,
பொத்தான் கட்ட
இரண்டு சட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.