வலப்பக்கம் காலி

பிரகான்சா டீச்சர் எனக்காக மெதுவாகச் சொன்னார்,
பாதி இந்தி, பாதி இங்கிலீஷ்:
ஷிஃபானாவுக்குப் பாடம் பிடிபடவில்லை,
வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்.
தலையாட்டினேன். நல்ல மனுஷி.
என் மகளின் பென்சிலை அவரே சீவிக் கொடுத்ததைப்
பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் இங்கிலீஷ் முழுக்க
அல் கூஸ் கிடங்கில், ஃபோர்க்லிஃப்ட் மேல் கற்றது.
ரிவர்ஸ். ஸ்லோ. ஸ்டாப். லோட் ஓகே.
அதை வைத்துக் குடும்பம் நடத்தினேன் மூன்று வாரம்.
தட்டில் சோறு விழுந்தால், லோட் ஓகே.
கட்டிலில் குதித்தால், ஸ்லோ.
முதல் நாள் ஜொஹரா வயிறு வலிக்கச் சிரித்தாள்.
இரண்டாம் நாளிலிருந்து பேசவில்லை.
அவளிடம் அந்த நாலு சொல்கூட இல்லை.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் அறைக்குப் பலகைதான் சுவர்.
அந்தப் பக்கத்து நேபாளிக்காரர் கேட்டார்,
வீட்டில் ஊருக்குப் போயிட்டாங்களா பாய்?

முன்பெல்லாம் லிஃப்டுக்குள் அவள் தொடங்கும் பள்ளிக்கூடக் கதை
ஏழாம் மாடியில் பூட்டைத் திறந்த பிறகும் முடியாது.
இப்போது, ஸ்கூல் குட். ஃபுட் குட்.
வாப்பா என்று வாயெடுத்து, விழுங்கி,
டாடி குட் நைட்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள்.
பெயின், என்றாள். காதைப் பிடித்துக்கொண்டு.
டாடி, பெயின்.
எப்படி என்று கேட்க எனக்கு வழியில்லை,
சொல்ல அவளுக்கும்.
ஜொஹரா விளக்கைப் போட்டாள்.
குத்துதா? கடுக்குதா? எரியுதா?
உள்ள அடைச்ச மாதிரி இருக்கா, சொல்லு தங்கம்,
மூன்று வாரத்துப் பேச்சு மொத்தமும் கொட்டியது.
பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள்.
விண்ணு விண்ணுன்னு தெறிக்குது உம்மா.
படுத்தா கூடுது. எச்சி முழுங்குனா
இங்கன வரைக்கும் இழுக்குது.

கிளினிக்கில் எகிப்து டாக்டர்.
அவரிடம் விண்ணு விண்ணை எப்படிச் சொல்வது?
விரலால் அவர் மேசையைத் தட்டினாள்,
விட்டு விட்டு, ஒரே தாளத்தில்.
அவர் கையை மூடித் திறந்து, மூடித் திறந்து கேட்டார்:
த்ராபிங்?
அந்தச் சொல்லை நாக்கில் ஒருதரம் புரட்டிப் பார்த்தாள்.
எஸ், த்ராபிங், என்றாள்,
நூற்றிரண்டு காய்ச்சலில், பரிசு வாங்கியவளைப் போல.
டாக்ஸியில் என் காதுக்குள் வந்து,
வாப்பா, விண்ணு விண்ணுன்னா த்ராபிங்.

அடியில் பேலட் இல்லாத பெட்டியை
என் வண்டி தூக்காது.
தூக்கினால் கிழியும்.
பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயம்.
வீட்டில் மட்டும் எப்படி மறந்தேன்?

கிடங்கிலிருந்து ரோஸ் நிற டெலிவரி நோட்டுகள் கொண்டுவந்தேன்,
பின்பக்கம் சுத்தமாக இருக்கும்.
நடுவில் ஒரு கோடு.
இடப்பக்கம் ஜொஹராவின் கையெழுத்தில் தமிழ்,
வலப்பக்கம் மகளின் இங்கிலீஷ்.
பாடச் சொற்கள் வலமிருந்து இடம் வரும்,
சில சண்டையோடு.
ஹேபிடட் என்றால் வீடா, காடா என்று ஒரு மணி நேரம்.
கடைசியில், வாழிடம்.

அடுத்த மீட்டிங்கில் அதை டீச்சரிடம் நீட்டினேன்.
வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம்:
மேடம், ஹோம் தமிழ். ஸ்கூல் இங்கிலீஷ். போத் லோட் ஓகே.
சரி என்று அவர் சொல்லவில்லை.
ஸ்கூல் ரூல், என்று ஏதோ ஆரம்பித்தார்.
தாளைத் திருப்பி, தரை டைல்ஸ் நாற்பது பெட்டி என்று படித்தார்.
வைத்துவிட்டுப் போங்கள், என்றார்.

மறுநாள் புத்தகப் பையில் திரும்பி வந்தது.
ஓர் எழுத்துப் பிழை, சிவப்பில் திருத்தியிருந்தது.
கடுக்குது என்பதற்கு எதிரே நாங்கள் விட்ட காலியிடம்
காலியாகவே இருந்தது. ஓரத்தில்
சின்னதாக ஒரு கேள்விக்குறி, டீச்சர் கையால்.

நாளைக்கு மிஸ்ஸுக்கு நடிச்சுக் காட்டணும்,
என்கிறாள் ஷிஃபானா,
கால் கடுக்க வேண்டுமென்று
ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.