நான்கு நிமிடக் கடன்

மீனவர் கூட்டுறவுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
ஐஸுக்கும் டீசலுக்கும் பற்று வைக்கிற நோட்டில்
இந்த வருஷம் நிமிடங்களை எழுதுகிறேன்.

நிலம் ஆடி ஓய்ந்தபின்
கடல் எங்கள் மெல்காக் குடாவில் ஏறப்
பதினைந்து நிமிடம் ஆகலாம்
என்றாள் கொன்செப்சியோனிலிருந்து வந்த பொறியாளர்.
'ஆகலாம்' என்ற சொல்லுக்கு அடியில்
இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூட மேசைமேல் ஊரை வரைந்தோம்.
தலைக்கு ஒன்றாக வீட்டுக்கு வீடு அவரை விதை,
ஓட முடியாதவர்களுக்குச் சிவப்பு.
ஒர்ஃபெலினா தன் வீட்டுச் சிவப்பை எடுத்துவிட்டு
வெள்ளையை வைத்தாள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சக்கர நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப்
படத்தைப் பார்த்தாள்,
பிறகு அவளே மாற்றி வைத்தாள்.

மே மாதம் முதல் ஒத்திகை. நல்ல மழை.
சைரன் பாதியில் இருமி நின்றது.
கடைசி ஆள் குன்றின் மேட்டைத் தொட்டபோது
என் கைக்கடிகாரத்தில் பத்தொன்பது.
வரவு பதினைந்து, செலவு பத்தொன்பது.
துண்டு விழுந்த நான்கும் தண்ணீருக்குள்.

கடன் அடைக்கக் கதவு கதவாகத் தட்டினேன்.
செருப்பைக் கட்டிலடியில் விட்டுத் தூங்கினால் அரை நிமிடம்.
நாயைத் தேடிப் போகமாட்டோம் என்று சத்தியம் செய்யப்
பல்மேனியா வீட்டுப் பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள்;
சரி, கழுத்தில் மணி கட்டுங்கள் என்றேன்,
அதில் ஒரு கால்.
படகைக் காப்பாற்றக் கரைக்கு ஓடக்கூடாது என்று
சங்கத்தில் தீர்மானம் போட்டோம்.
கை தூக்கியவர்களில் பாதிப்பேர் ஓடுவார்கள்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

பெரிய தொகை நிபால்தோவிடம் முடங்கிக் கிடந்தது.
குன்றுக்குக் குறுக்குவழி அவருடைய ஆட்டுப்பட்டி வழியே,
பட்டிக்கதவில் பூட்டு.
"ரெண்டு குட்டி களவு போச்சு. ஈடு யார் தருவா, கடலா?"
சாவி கல்லுக்கு அடியில் இருக்கும் என்று பேசி முடித்தோம்.
இரண்டாம் ஒத்திகையில்
முப்பது பேர் இருட்டில் குனிந்து
கல் கல்லாய்ப் புரட்டினோம்.
ஒர்ஃபெலினாவின் சக்கரங்கள் சேற்றில் இறங்கின.
அவரை யாரும் திட்டவில்லை,
அதுதான் அவரைத் தைத்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடியலில் ரம்பச் சத்தம்.
போய்ப் பார்த்தால் பட்டிக்குக் கதவே இல்லை.
கீலோடு பெயர்த்து, பலகை பலகையாய் அறுத்து
சேற்றின் மேல் பாவியிருந்தார்,
நாற்காலி அகலத்துக்கு.
ஆடுகளுக்கு ஒரு கயிறு மட்டும் குறுக்கே.
"அளந்துதான் அறுத்தேன்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்றைய ஒத்திகை
பதினைந்து நிமிடம், நாற்பது நொடி.

பாக்கி நாற்பதைத் தேடி
நோட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தேன்.
ஒர்ஃபெலினா சிரித்தாள்:
"என்னைத் தள்ளுற எலியாசர்
யாமிலே வர்றாளான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறான்.
அங்கே இருக்கு உன் நாற்பது நொடி."

நாற்காலிக்குப் பிடி இரண்டு.
இடது பிடிக்கு நேராக
யாமிலேயின் பெயரை எழுதிவிட்டேன்.
அடுத்த ஒத்திகை சனி இரவு,
நேரம் சொல்லப்போவதில்லை.