சுற்றறிக்கை எண் ஆறு

வெள்ளி மாலை ஐந்தரை.
சயான் ஸ்டேஷன் பக்கம் மழை வெளுத்து வாங்குகிறது.
ஸ்டாஃப் ரூமில் நானும்
யாரோ உலர விரித்து மறந்த ஒரு குடையும்.

அன்புள்ள ஆசிரியர்களுக்கு.
ஒன்று. திங்கள் முதல் யூனிட் டெஸ்ட்.
வினாத்தாள் இன்னும் தராத மூவர்
யார் என்று அந்த மூவருக்கும் தெரியும்.
இரண்டு. ஞாயிறு மெகா பிளாக்.
குர்லாவுக்கு அப்பாலிருந்து
சிறப்பு வகுப்பு எடுக்க வருபவர்கள்
முன்னதாகவே கிளம்பவும்.
நான் நடத்துவது பள்ளிக்கூடமா ரயில்வேயா
என்று இந்த இடத்தில் வாராவாரம் சந்தேகம் வரும்.
மூன்று. இரண்டாம் மாடிப் படிக்கட்டு டியூட்டி
சுலபா காம்ப்ளே மேடத்துக்குப் பதில் பி.டி. சார்.
மேடத்தின் முழங்கால்
இன்னும் இரண்டு வாரம் படி ஏறாது.
நான்கு. கூரை ஒழுகும் பத்தாம் ஏ
நூலகத்தில் உட்காரும்.
நூலகம் எங்கே உட்காரும் என்று கேட்க வேண்டாம்.

கீழே கோடு போட்டு
'இந்த வாரக் கற்பித்தல் குறிப்பு.'
இதைத்தான் ஒருவரும் படிப்பதில்லை.
சோதித்துப் பார்க்க ஒருமுறை
நடுவில் வடாபாவ் விலையை எழுதி வைத்தேன்.
வாரம் முழுக்க நோட்டீஸ் போர்டில் தொங்கியது.
சிப்பாய் பால்பாண்டி மட்டும் வந்து
"நம்ம கேட் வாசல்ல ரெண்டு ரூபா கம்மி மேடம்" என்றார்.

போன வாரக் குறிப்பு இது:
கேள்வி கேட்டபின் ஐந்து விநாடி
வாய் திறக்காதீர்கள்.
பயிற்சி முகாமில் கேட்டதை
என் சொந்தச் சரக்காக எழுதியிருந்தேன்.

புதன் மூன்றாம் பீரியட்
ஒன்பதாம் பி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
ஜெயசிங் சார் இயற்பியல்.
இருபத்தாறு வருடமாய்
கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் சொல்பவர்.
"பஸ் பிரேக் போட்டா நாம ஏன் முன்னால சாயறோம்?"
கேட்டுவிட்டு
தொடையோரம் விரல் மடக்க ஆரம்பித்தார்.
அட, படித்திருக்கிறார்.
ஒன்று.
இரண்டு. மின்விசிறி கிறீச்சிட்டது.
மூன்றில் எனக்கே பதில் தொண்டைவரை வந்துவிட்டது.
நான்கு.
ஐந்தில் விரல் தீர்ந்துபோய் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
மறு கைக்கு மாறினார்.

எட்டாம் விரலில்
சுடலைக்கனி எழுந்தாள்.
ஜூன் மாதத்திலிருந்து
'உள்ளேன் சார்' தவிர வேறு சொல் உதிர்க்காதவள்.
"நெறைய கூட்டமா இருந்தா சாயமாட்டோம் சார்.
சாயறதுக்கு எடம் இருக்காது."

வகுப்பு சிரித்தது.
ஜெயசிங் சிரிக்கவில்லை.
நிலைமம் என்ற சொல் அந்தப் பதிலில் இல்லை.
போர்டில் ஒரு பஸ் வரைந்தார்.
அதற்குள் ஒரு ஆள், பக்கத்தில் ஒரு ஆள்,
காலுக்கடியில் மீன்கூடை, கம்பியில் ஏழெட்டுக் கை.
இப்போ பிரேக் போடு என்றார்.
யார் யாரை இடிப்பார்கள் என்று
மணி அடிக்கும்வரை சண்டை.

மாலையில் என்னிடம் வந்தார்.
"உங்க அஞ்சு விநாடியால
எனக்கு ஒரு பீரியட் போச்சு மேடம்."
"சனிக்கிழமை எக்ஸ்ட்ரா எடுத்துக்கோங்க"
என்றேன், அவர் வாய் மூடுமுன்.
இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.
குறையா, நிறைவா?
இரண்டு நாளாய் யோசிக்கிறேன்.

ஐந்து. ஸ்டாஃப் ரூமில் ஒரு கறுப்புக் குடை.
கைப்பிடியில் சாக்பீஸ் தூள்.
உரியவர் நனைந்துபோயிருப்பார், மன்னிக்கவும்.

இந்த வாரக் குறிப்பு:
போன வாரக் குறிப்பேதான்.
ஐந்து என்பதை எட்டு என்று படிக்கவும்.
வகுப்பறைக்கு மட்டுமல்ல.
நகல்: துணைத் தலைமையாசிரியைக்கு, அதாவது எனக்கு.

இனி காம்ப்ளே மேடத்துக்குப் போன்.
தமிழ் எழுத்து தெரியாதவர் என்பதால்
வாராவாரம் இந்தியில் வாசித்துக் காட்டுவேன்.
வாசித்து முடித்து, முழங்கால் எப்படி என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
லைன் போய்விட்டதா,
வலியை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது
என்று பார்க்கிறாரா.
மழை.
போனை வைக்காமல்
மேசைக்கடியில் விரல் மடக்குகிறேன்.